துக்க வருஷத்தில் ஒரு ரேஸ்

"...சீர் கேக்கட்டும், தப்பே இல்லே. ஆனா கட்டிக் குடுத்த நாள்லேருந்து வருஷா வருஷம் ஏத்தி ஏத்திக் கேக்கிற மாப்பிள்ளையை எந்த வீட்டுலே வெச்சிப்பாங்க, நீங்களே சொல்லுங்க லா!" என்றார் அக்கா, ஆரஞ்சு அங்கியின் கையை முழங்கை வரை மடித்துவிட்டபடி.

மோட்டார் சைக்கிள் பந்தயம் அப்போதுதான் முடிந்திருந்தது. சிப்பாங் ஓட்டப்பாதையின் வளைவு ஒன்றில், டயர் சுவருக்குப் பின்னால், நாங்கள் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற மலாய் நண்பருக்கு அக்கா சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "மெனாந்து மஹால்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். விலை ஏறிப்போன மருமகன். அக்காவும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது ரேஸைத்தான். பலரும் நினைப்பதுபோல அது தானாக ஊர் ஊராக வருவதில்லை. அந்த வருஷ அட்டவணையில் நம் ஊர்ப் பெயரைப் போட, பந்தயத்தை நடத்தும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். அது ஏறிக்கொண்டே போகிறது. கட்ட முடியாத ஊர் அட்டவணையிலிருந்து விழுந்துவிடும். கார் ரேஸ் முன்பே போய்விட்டது. இப்போது மோட்டார் சைக்கிளும் போகப்போகிறது என்று பேச்சு.

கொடி காட்டும் எங்களுக்கு இதில் சம்பளம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கும் எனக்கும், கிள்ளானிலிருந்து வரும் அக்காவுக்கும் கிடைப்பது ஒரு தொப்பி, ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு, பிறகு எந்த டிக்கெட்டாலும் வாங்க முடியாத நெருக்கம். வண்டி நம்மைக் கடந்து போகும்போது நெஞ்செலும்பு அதிரும். அதற்காகத்தான் போகிறோம்.

அந்த வளைவில் அக்காவிடம் ரேடியோ, அவர் வீட்டுக்காரரிடம் கொடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அந்த அண்ணன். வண்டி சறுக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பின்னால் வருபவர்களை எச்சரிக்கும் மஞ்சள் கொடி அதற்குள் மேலே போயிருக்கும். "இங்கே எல்லாம் கண்ணுலே படும் இவருக்கு. வீட்டுலே கரண்டு பில்லு மட்டும் படாது," என்பார் அக்கா. "அதைப் பார்க்கத்தான் உன்னைக் கட்டுனேன்," என்பார் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல். வீட்டில் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டார்களாம். பேச்சையெல்லாம் இந்த வளைவுக்கென்று சேர்த்து வைத்திருந்தார்கள் போல.

போன வருஷம், ரேஸ் முடிந்து சில வாரத்தில் அண்ணன் தவறிவிட்டார். நெஞ்சு வலி.

இந்த வருஷம் ஆள் சேர்க்கும்போது அக்காவைக் கூப்பிட நான் கிள்ளானுக்குப் போனேன். கூடத்தில் அண்ணனுடன் பிறந்த மூத்தவர் உட்கார்ந்திருந்தார். தம்பி போனபின் அந்த வீட்டில் அவர் சொல்தான்.

"என்ன தம்பி நீங்க? இன்னும் வருஷ திதியே வரலே. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கே போகாம இருந்தோம். கொடி, பாட்டு, கூட்டம்னு இருக்கு, அது திருவிழா இல்லாம வேற என்ன?"

"விடுங்க தம்பி, அடுத்த வருஷம் போய்க்கிறேன்," என்றார் அக்கா.

திதிக்கு முன்னால் ரேஸ் வந்து விழுந்தது, அவ்வளவுதான். நானும் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அடுத்த வருஷமே சந்தேகம் என்ற பேச்சு எங்கள் காதுக்கு வந்தது. போனில் சொல்ல மனசு வரவில்லை. மறுபடியும் போனேன்.

அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"மாமா, துக்கத்துலே நல்லதுக்குத்தானே போகக் கூடாது?"

"ஆமா."

"கெட்டதுக்குப் போகலாம்லே?"

"போகணும்மா. போகாட்டித்தான் குத்தம்."

"அப்போ நான் ரேஸுக்குப் போறேன். அது செத்துப்போச்சு."

பெரியவர் என்னைப் பார்த்தார். "நெசமாவா தம்பி? கார் ரேஸ் போன மாதிரியா?"

எனக்குப் பொய் வரவில்லை. "இழுத்துக்கிட்டு கெடக்கு அங்கிள்," என்றேன்.

"இழுத்துக்கிட்டு கெடந்தா அது சாவு இல்லையே."

"முடிஞ்சிருச்சு மாமா," என்றார் அக்கா.

பெரியவர் தலையசைத்தார். அந்த ரேஸ் பிழைக்க வேண்டும் என்று அக்காவைவிட ஆசைப்பட்டவர் எவரும் இருக்க முடியாது. போய் நிற்பதற்காக, தன் வாயாலேயே அதைச் சாகடிக்க வேண்டியதாகிவிட்டது.

இந்தத் தடவை கொடி என் கையில். மத்தியானம் மழை பெய்து ஓய்ந்த பாதையில் ஒரு வண்டி சறுக்கியது. நான் கொடியைத் தூக்குவதற்குள் "மஞ்சள்!" என்று அக்கா கத்தினார். அண்ணனிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கத்த வேண்டி வந்ததில்லை. கத்திய பிறகு அது அவருக்கும் பட்டிருக்க வேண்டும். ரேடியோவில் தகவலைப் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

ரேஸ் முடிந்து பந்தயக்காரர்கள் மெதுவாக ஒரு சுற்று வந்தார்கள். வழக்கம்போல எல்லாக் கொடிகளையும் ஆட்டி அனுப்பி வைத்தோம். அதற்குப் பிறகுதான் அந்த மாப்பிள்ளைப் பேச்சு, சிரிப்பெல்லாம்.

சிரிப்பு அடங்கியதும் ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள். எதுவும் நடக்காததுபோல அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே எல்லோரும் சொன்னார்கள். மலாய் நண்பரும் அக்காவிடம் கையை நீட்டி, "அடுத்த வருஷம் பார்ப்போமா, அக்கா?" என்று அவர் மொழியில் கேட்டார்.

அக்கா ரேடியோவை மேசைமேல் வைத்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், வேலியோரமாகப் பஸ்ஸை நோக்கி நடந்தார். படியில் கால் வைப்பதற்கு முன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி, தலையில் தெளித்துக்கொண்டு ஏறினார்.