நாற்பத்தேழாம் வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல்

இதை நம்பச் சொல்லி நான் யார் கையையும் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது என் தங்கை கணவருக்கு. மச்சானுக்குப் பொய் சொல்ல வராது; எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாலைவனத்தில் நடக்கும் நெடுந்தூர பைக் பந்தயம் அது. முந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவே பெட்ரோல் ஊற்றுவது மச்சானின் வேலை. ஒரு கூடாரம், நான்கு பேரல், கையால் சுற்றும் பம்ப், ஒரு வயர்லெஸ் பெட்டி. ஓடுகிற வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியெல்லாம் அப்போது கிடையாது.

பேரலின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பெட்ரோலை அப்படியே விட்டுவிட வேண்டும். இரவுக் குளிரில் மூடி வழியே இறங்கும் ஈரம் அங்கேதான் தேங்கி நிற்கும். என்ன ஆனாலும் பேரலைச் சாய்க்கக் கூடாது.

அன்று மச்சான் சாய்த்தார்.

கடைசியாக வந்தது நாற்பத்தேழாம் எண். ஓட்டியவன் மச்சானின் அண்ணன் மகன். முன்னால் போனவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொண்டு போனதில் ஐந்து லிட்டர் குறைந்தது. "மசமசன்னு நிக்காதீங்க சித்தப்பா, ஊத்துங்க" என்று அவன் பறந்தான். மச்சான் பேரலுக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்துச் சாய்த்து, சொட்டு விடாமல் உறிஞ்சி ஊற்றினார். மணி 1.40. பையன் புழுதியோடு போய்விட்டான்.

பம்புக் குழாயில் மிஞ்சியதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் நடுவே கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே பெட்ரோல். கீழே தண்ணீர்.

அந்த வண்டி முப்பது கிலோமீட்டர் தாண்டாது. அங்கே நிழல் என்று சொல்ல ஒரு செடி இல்லை. வெயில் நாற்பத்தாறு டிகிரி. பையனிடம் இருந்த குடிதண்ணீர் ஒன்றரை லிட்டர்.

வயர்லெஸ்ஸில் சொன்னால் மீட்பு ஜீப் கிளம்பும். சொன்னால் வேலையும் போகும். வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

மணி 2.05. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தார்.

டுப்... டுப்... டுப்...

பையன் போன திசையிலிருந்து ஒரு வண்டி திரும்பி வந்தது. எண் நாற்பத்தேழு.

மச்சானுக்குப் போன உயிர் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினார். பையன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. டேங்க் மூடியைத் திறந்து காட்டினான்.

"இதைக் கொட்டணும்டா. தண்ணி கலந்திருக்கு."

"பரவால்ல. ஊத்துங்க."

பேரல் காலி என்று சொல்லிக்கொண்டே பம்பைச் சுற்றிக் காட்டினார். பெட்ரோல் வந்தது.

ஒரு சுற்றுக்கு ஒரு லிட்டர். ஐந்து. பத்து. டேங்க் கொள்வது பன்னிரண்டு. பதினைந்து... நிரம்பவில்லை.

சைலன்சரில் கை பட்டது. சுடவில்லை. ஜில்லென்று இருந்தது.

இருபது... இருபத்தொன்று...

டேங்குக்குள் எங்கோ ஆழத்தில் விழும் சத்தம். கிணற்றில் விழுவதுபோல.

"தண்ணி குடிக்கிறியாடா?"

"வேணாம். நிறைய இருக்கு."

பம்ப் நின்றது.

"வயர்லெஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல..."

"சொல்லாதீங்க சித்தப்பா. நான்தான் வந்துட்டேனே."

மூடினான். வந்த வழியே போனான். மணி 2.20.

மச்சான் சொல்லவில்லை. பையனைக் கண்ணால் பார்த்தாயிற்றே.

இருட்டும்வரை அவன் முடிவிடத்துக்கு வந்து சேரவில்லை. தேடிப் போனவர்களுக்குக் கூடாரத்திலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டரில் கிடைத்தான். வண்டியின் நிழலில் தலையை மட்டும் வைத்துச் சுருண்டு கிடந்தான். உயிர் இல்லை. கார்புரேட்டர் முழுக்கத் தண்ணீர்.

வழி பார்க்கும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். அவன் கையெழுத்தேதான்.

"2.12. வண்டி நின்னுடுச்சு. பெட்ரோல்ல தண்ணி."

அந்த 2.12-க்கு மச்சான் இங்கே பதினைந்தாவது லிட்டரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி. எழுத்து கோணலாக ஓடியிருந்தது.

"5.35. சித்தப்பா சொல்லியிருப்பார். ஜீப் வரும்."