மாடித் தரை ஆடிய ஞாயிற்றுக்கிழமை

நோலீன் பர்டன் பயப்படாமல் கழித்த நாள் என்று ஒன்று உண்டா என்பது அவளுக்கே சந்தேகம். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், பாதி வருஷம் மழையிலேயே கிடக்கும் சுரங்க ஊர் ஒன்றில், பல் மருத்துவரிடம் இருபத்தாறு வருஷமாக உதவியாளராக இருந்தவள். நாற்காலியில் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு படுத்திருப்பவர்களிடம், அவசரமே இல்லாதவள்போல் தாழ்ந்த குரலில் பேசுவாள். அவர்கள் அடங்கிவிடுவார்கள். அந்தக் குரல் அவளிடம் மட்டும் பலிக்காது. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் காரை ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள். எந்த அறைக்குள் போனாலும் முதலில் வாசல்களை எண்ணுவாள்.

இப்படிப்பட்டவள் பப்புகளில் மேடை ஏறுகிறாள் என்றால் அதற்குக் காரணம் பேஸ் கிட்டார்தான். கணவன் பிரிந்து போன குளிர்காலத்தில், அவன் விட்டுப்போன நாலு தந்திக் கிட்டாரை எடுத்துத் தானாகவே பழகினாள். பேஸ் வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். கண்ணெல்லாம் பாடகன்மேல் இருக்கும். ஆனால் கூட்டத்தின் கால்கள் பேஸின் பேச்சைத்தான் கேட்கும். பாடியபடி கிட்டார் வாசிக்கும் டார்சி கெய்ன், சுரங்க லாரி ஓட்டியபடி டிரம்ஸ் அடிக்கும் மிர்கோ, பின்சுவரோடு ஒட்டிய நோலீன் என்று மூவரும் பத்தொன்பது வருஷமாக ஒரு குழு.

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாங்கவும் அவளைப் பயம்தான் கூட்டிப் போனது. ஒரு தடவை பாட்டின் நடுவே அவளுடைய ஆம்ப் செத்துப்போய், நாற்பது பேர் முன்னால் ஊமையாக நின்றிருந்தாள். அதற்கப்புறம் லான்செஸ்டனில் ஒரு கடைக்கு மூன்று சனிக்கிழமை போனாள். கடைக்காரர் சின்னதாக, ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய புது ரகத்தை எடுத்துக் காட்டி, இதற்கு எத்தனை வாட்ஸ் தெரியுமா என்றார். நோலீன் கேட்டதெல்லாம், இதில் எது முதலில் கெட்டுப்போகும் என்பதுதான். கடைசியில் மூலையில் கிடந்த பழைய, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டியைச் செருகிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று கீழ்த் தந்தியைத் தட்டினாள். சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. அதையே வாங்கினாள். ஆள் கனம் கனத்த பெட்டி. டார்சி அதைப் பிணப்பெட்டி என்றுதான் சொல்லுவான். மேடையில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அவளுக்குக் காது தேவைப்படவில்லை; மெல்லிய அடி வைத்த காலணி போட்டு நின்றால் போதும்.

ஒரு செப்டம்பரில் ஊர்க் கால்பந்து அணி கோப்பையை வென்றது. மறுநாள் ஞாயிறு மத்தியானம் பெவ்வின் பப்பில் கொண்டாட்டம், இவர்கள் மூவரின் வாசிப்பு. சாயங்காலம் கீழே பாரில் மீட் ட்ரே குலுக்கல்; சீட்டு விழுந்தவர்களுக்குத் தட்டு நிறையக் கறியும் ஹாம் என்னும் பன்றித் தொடையும் பரிசு. பெவ் அந்தப் பப்பின் உரிமையாளர். எதற்கும் அசராத பெண்மணி. வழக்கமாக வாசிக்கும் கீழ்ப் பின்னறையில் எங்கிருந்தோ தண்ணீர் கசிந்து கம்பளம் ஊறிவிட்டது என்று சொல்லி, மாடிக் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தாள். பழைய மரக் கூடம். நோலீன் எண்ணினாள். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. பின்பக்க அவசரக் கதவின் முன்னால் நாற்காலிகள் உயரமாக அடுக்கிக் கிடந்தன. டார்சியிடம் சொன்னாள்.

"நூறு வருஷமா இங்க ஆடியிருக்காங்க நோல்ஸ். உன் பொட்டியையே தாங்குது, அப்புறம் என்ன?" என்றான் அவன்.

அவள் நாற்காலிகளில் பாதியைத் தானே நகர்த்தினாள். அதற்குள் ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். நூற்றைம்பது பேர் இருக்கும்.

முதல் மூன்று பாட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வேகப் பாட்டு. அணிப் பையன்கள் தோளில் தோள் போட்டுக்கொண்டு குதிக்கத் தொடங்கினார்கள், பிறகு கூடமே குதித்தது. எல்லாக் காலும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. நோலீனின் உள்ளங்காலுக்கு அவளுடைய பேஸ் வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது. கால்கள் விழும்போது தரை கீழே போயிற்று. போனது கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. அடுத்த குதிப்பு அதை இன்னும் கீழே தள்ளியது. பெட்டியின் மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் சாய்ந்து சாய்ந்து அலை அடித்தது. பக்கத்துச் சுவரின் அடிப்பலகையைப் பார்த்தாள். தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு, விரல் அகலத்துக்குத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

அவளுடைய விரல்கள் பழக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தன. கத்தலாம் என்று முதலில் நினைத்தாள். கத்தினால் நூற்றைம்பது பேரும் அந்த ஒற்றைப் படிக்கட்டுக்கு ஒரே மூச்சில் ஓடுவார்கள். ஓட்டத்தையும் இதே தரைதான் தாங்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் இன்னும் வேண்டும் என்று காலை உதைத்துக் கேட்பார்கள். இத்தனை கால்களையும் தூக்கிப் போடுவது தன்னுடைய கைதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

தாளத்தை இழுத்தாள். இரண்டு அடிக்கு ஒன்று, பிறகு அதையும் தாமதமாக. மிர்கோ திரும்பி முறைத்தான். பத்தொன்பது வருஷமாக டிரம்ஸை மிதிக்கும் அவனுடைய கால் இவள் கையோடு கட்டுண்டிருந்தது. முறைத்தபடியே அவனும் மெதுவானான். அந்த வேகத்துக்குக் குதிக்க முடியாது. கூட்டம் தடுமாறி நின்று ஊளையிட்டது. முன்வரிசையில் ஒருவன், கிழவிக்கு மூச்சு வாங்குது, நாற்காலி போடுங்கப்பா என்றான். பலர் சிரித்தார்கள்.

நோலீன் வாசித்துக்கொண்டே டார்சியின் காதருகே போனாள். நாற்காலியில் படுத்திருப்பவர்களிடம் பேசும் குரல் எப்படியோ வந்தது.

"டார்சி, சிரிச்ச முகத்தோடயே கேளு. தரை சுவத்தை விட்டுக் கழண்டுக்கிட்டிருக்கு. மீட் ட்ரே குலுக்கல் கீழ நடக்குதுன்னு சொல்லு. உடனே சொல்லு."

டார்சி சிரிக்கத்தான் செய்தான், அவளுடைய வழக்கமான பயம் என்று நினைத்து. அவள் கண்ணால் காட்டிய பக்கம் பார்த்தான். யாரோ ஒருவன் அங்கே சும்மா ஒரு குதி குதித்தான், கோடு திறந்தது. டார்சியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. மைக்கைப் பிடித்தான்.

"சரி மக்களே, மூணு தட்டு கறி, ஒரு முழு ஹாம், இப்பவே கீழ பார்ல குலுக்கல். ஆள் இல்லைன்னா சீட்டு செல்லாது. நெருக்காம ஒவ்வொருத்தரா இறங்குங்க." பிறகு மைக்கை மூடிக்கொண்டு நோலீனிடம் சொன்னான். "நீ நிறுத்தாத. நிறுத்தினா காலை உதைக்க ஆரம்பிச்சுருவானுங்க. நான் படிக்கிட்ட நிக்கிறேன்."

அவன் போய்விட்டான். நோலீன் பின்சுவரோடு நின்று, நடைக்கு ஏற்ற மெதுவான ஒரு மெட்டை, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வாசித்தாள். தரை பிய்ந்துகொண்டிருந்தது அவள் நின்ற பக்கத்தில். படிக்கட்டு எதிர்ப்பக்கம். கூட்டம் மெல்ல அங்கே நகர்ந்தது. பத்துப் பத்துப் பேராக எண்ணினாள். முப்பதில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி ஆரம்பித்தாள். காலுக்கடியில் எங்கோ மரம் ஒரு தடவை முனகியது. யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் காலில் கேட்டது.

பாதிப் பேர் இறங்கியபோது வரிசை நின்றுவிட்டது. பெவ் கோபமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்; குலுக்கல் ஐந்து மணிக்கு, இப்போது யார் சொன்னது என்று டார்சியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். இரண்டு பேர் தாளத்துக்குக் காலைத் தட்டத் தொடங்கினார்கள். நோலீன் தாளத்தைக் கலைத்தாள், தட்ட முடியாதபடி. சுவரடிக் கோட்டை இதற்குள் தானும் பார்த்துவிட்ட மிர்கோ டிரம்ஸை விட்டு எழுந்து, அடியடியாகக் கூட்டத்தினூடே போய், பெவ்வின் காதில் ஏதோ சொன்னான். பெவ் உடனே எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹாம் என் கையாலதான் எடுத்துத் தரணுமாம், வழி விடுங்கப்பா, வாங்க பின்னாலயே," என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினாள். வரிசை மறுபடி நகர்ந்தது.

கடைசி ஆள் படியில் மறைந்ததும் நோலீன் வாசிப்பதை நிறுத்தினாள். கிட்டாரைக் கழற்றிக் கீழே வைக்கும் நேரம்கூட அந்தத் தரையில் நிற்க மனமில்லை. கேபிளை உருவிவிட்டுத் தோளில் மாட்டியபடியே, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். படியில் மிர்கோ கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். டிரம்ஸை எடுக்கட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

தரை விழவில்லை. அன்று சாயங்காலமும் திங்கட்கிழமை முழுவதும் ஊரில் இதுதான் சிரிப்பு. நோல்ஸுக்குப் பயம் வந்தால் ஊருக்கு ஹாம் கிடைக்கும் என்றார்கள். பல் பிடுங்க வந்தவர்கூட வாயைத் திறக்குமுன் கேட்டுச் சிரித்தார். நோலீனும் கூடச் சிரித்தாள். தான் கண்டது உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. வழக்கமான பயத்துக்கு ஒரு மத்தியானத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற வெட்கத்தில் ராத்திரி தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பெவ் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் கீழறையின் கூரைப் பலகையைப் பிரிக்கச் சொன்னாள். கம்பளத்தை நனைத்த தண்ணீர் மாடிச் சுவருக்குள் உடைந்திருந்த குழாயிலிருந்து வந்தது. எத்தனை வருஷமாகக் கசிந்ததோ, மூன்று உத்தரங்களின் நுனி அழுகிக் கஞ்சியாகிக் கிடந்தது. சுவர்மேல் அவை உட்கார்ந்திருந்தது ஒரு கட்டைவிரல் அளவுதான். தச்சர் ஏணியிலிருந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மேலே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். பெவ் சொன்னாள். அவர் ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெவ் நோலீனைத் தேடி மருத்துவரிடத்துக்கே வந்தாள். நன்றி சொல்லத் தெரியாமல் கவுண்டரில் ஒரு ஹாமை வைத்துவிட்டு, "வா, வந்து பாரு," என்றாள். நோலீன் பப்பின் வாசல்வரை போனாள். உள்ளே போக முடியவில்லை. காருக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வராத அழுகை அப்போது வந்தது; முக்கால் மணி நேரம் சாவியைத் திருகாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வாரம் கழித்துத்தான் டிரம்ஸையும் பிணப்பெட்டியையும் மாடி ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதற்குள் மிர்கோவிடம் அவள் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவன் வற்புறுத்தவில்லை. "சரி. ஆனா வேற ஆளைத் தேடற வேலை என்னால ஆகாது. நீ வரும்போது வா," என்றான்.

நவம்பர் கடைசியில் அவள் போனாள். கால்பந்துக் கிளப்பில், சிமெண்டுத் தரையில் வாசிப்பு. மூன்றாவது பாட்டில் பையன்கள் குதிக்க ஆரம்பித்ததும் அவள் கை நின்றுவிட்டது. காலுக்கு எதுவும் வரவில்லை, நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை; சிமெண்டு சிமெண்டாகவே கிடந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது. மிர்கோ அவளைப் பார்க்காமல் தனியாக அடித்துக்கொண்டே போனான். நாலு சுற்று காத்திருந்து, ஐந்தாவது சுற்றில் அவள் சேர்ந்துகொண்டாள். அவள் நாலு சுற்று வாசிக்காமல் விட்டதை டார்சி கவனிக்கவே இல்லை.