இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், சூலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

என் மகன் அப்போதுதான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். அதற்கு முந்தைய தீபாவளியிலிருந்தே வீடியோ கேம் கன்சோல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன் விலையைச் சொன்னதும் என் கணவர் எழுந்து தறிகளைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே எங்களுக்கு விசைத்தறிக் கொட்டகை. நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எதையும் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்து, அதனதன் இடத்தில் வைத்தால்தான் எனக்கு மனம் அமைதியாகும். ஆகவே கன்சோலுக்கு மாற்று தேடும் வேலை என்னிடம் வந்தது.

பொருட்காட்சிகளில் விற்கும், டிவியில் சொருகி ஆடும் சின்னப் பெட்டியை முதலில் பார்த்தேன். அட்டையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். உண்மையில் நாலைந்துதான் பெயரை மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கும். செகண்ட் ஹேண்ட் கன்சோல் மலிவுதான், ஆனால் அதற்கான டிஸ்க்குகள் மலிவில்லை. கைபேசி வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். அது ஒருவன் தனியாகக் குனிந்து உட்கார்ந்து ஆடுவது. கடைசியில் காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில், ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். அதை வீட்டு டிவியோடு இணைத்து, சாதாரண கண்ட்ரோலர் இரண்டை மாட்டி, முறைப்படி இலவசமாகவே கிடைக்கும் விளையாட்டுகளை இறக்கிக் கொடுத்தேன். தறிச் சத்தத்தில் டிவியின் சத்தம் எடுபடாது என்று சொன்னபோது, கடைக்காரர் மூலையில் கிடந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். அவற்றை டிவிக்கு இடப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒயர்களைச் சுருட்டிக் கட்டி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மகன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு இருவர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றில் விழுந்தான். அதற்கப்புறம் கன்சோல் பேச்சு வரவில்லை. தெருப் பிள்ளைகள் முறை வைத்து ஆட வந்தார்கள்.

மே மாத நடுவில் என் நாத்தனாரின் மகள் வந்தாள். நாத்தனார் குடும்பம் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறது. மகனைவிட ஒரு வயது மூத்தவள் அந்தப் பெண். சின்ன வயதில் இரண்டு பேரும் சேட்டையில் எங்கள் வீட்டுப் பூனையைக்கூட விட்டுவைத்ததில்லை. அவளுக்கு ஏழு வயதில் வந்த ஒரு கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு பார்வை போய்விட்டது. பிறகு பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எட்டாம் வகுப்பு முடித்ததும், இனி எல்லாரும் படிக்கும் பள்ளியில்தான் படிப்பேன் என்று அவளே கேட்டாள். என் மகன் படிக்கும் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜூனிலிருந்து எங்கள் வீட்டில் தங்கிப் படிப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால், இங்கே இருக்க அவளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் வந்திருந்தாள்.

நாங்கள் அவளை அப்படித் தாங்கினோம். நடக்கும் வழியில் ஒரு செருப்புகூடக் கிடக்காமல் பார்த்துக்கொண்டேன். அவள் வருவதற்கு முன்பே டிவியை நிறுத்தி, கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். பார்க்க முடியாத பிள்ளையின் முன்னால் திரையை ஓடவிட்டுக்கொண்டு உட்காருவது மரியாதையா என்று தோன்றியது. மகனிடமும் சொல்லி வைத்தேன். அவனும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். பெண் பார்க்க வந்தவர்களின் எதிரில் உட்காருவதுபோல, கையைக் கட்டிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் மாலை அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்கம்மா. நான் ஹாஸ்டலுக்கே போயிக்கறேன்.”

என்ன குறை வைத்தோம் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க அத்தை. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறீங்க” என்றாள்.

மறுநாள் மதியம் நாத்தனார் வருவதாக இருந்தது. காலையிலேயே அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டாள். நான் சமையலில் இருந்தேன். நாலு நாளாக ஆடாமல் கை அரித்துப்போன மகன், அவள் உள்ளேதானே இருக்கிறாள் என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்து விளையாட்டைப் போட்டிருக்கிறான். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்துவிட்டாள்.

“என்னடா அது, அடிக்கற சத்தம்?”

அவன் பதறி நிறுத்தினான். “ஒண்ணுமில்லீங்க. சும்மா.”

“ஏன் நிறுத்திப்போட்டே? எனக்கும் ஒண்ணு குடு. நானும் ஆடறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் கதவோரம் கரண்டியோடு நின்றிருந்தேன். கொடு, விட்டுக்கொடு என்று கையால் ஜாடை காட்டினேன். அவனும் அப்படியே செய்தான். அவள் கையில் கிடைத்த பொத்தான்களையெல்லாம் அழுத்தினாள். திரையில் அவனுடைய ஆள் மரம்போல நின்று எல்லா அடியும் வாங்கி விழுந்தான். நான் “அடடா, நம்ம அம்மணி ஜெயிச்சாச்சு!” என்று கை தட்டினேன்.

அவள் கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“இவன் ஒரு பொத்தானைக்கூட அழுத்தலீங்க அத்தை. என் கையில இருக்கறது டிக்கு டிக்குனு சத்தம் போடுது. இவன் கையில இருந்து ஒரு சத்தமும் வரல.”

மகன் மறுபடியும் என்னைத்தான் பார்த்தான்.

“நான் வந்ததுல இருந்தே இப்படித்தான் பண்றீங்க. ஸ்கூல்லயும் இப்படித்தானுங்களே பண்ணுவாங்க? அதுக்கு நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன். அங்க எல்லாரும் என்னோட நெசமாச் சண்டை போடுவாங்க.”

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மாதான் கை காட்டுச்சு!” என்று என்னைக் காட்டிக்கொடுத்தான். பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, “நெசமா ஆடுனா நீ அழுவே, பாத்துக்க” என்றான்.

“அழுதா அழுகறேன். உனக்கென்னடா?”

ஆடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அவள் தோற்றாள். மறுபடியும் தோற்றாள். அவன் இரக்கம் காட்டவில்லை. “இதுக்குத்தான் அத்தனை வாய் பேசுனயா?” என்று கேலி வேறு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது முறை தோற்றதும் அவள், “இரு. நீ சும்மா நில்லு. நான் ஒவ்வொரு பொத்தானா அழுத்திப் பாத்துக்கறேன்” என்றாள். ஒன்றை அழுத்தினாள். “இது குத்து.” அடுத்தது. “இது உதையா?” அவன் ஆமாம் என்றான். குதித்தால் ஒரு சத்தம், தரையில் இறங்கினால் ஒரு சத்தம், அடியைத் தடுத்தால் இரும்பில் தட்டியதுபோல ஒரு சத்தம். அவனையும் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிக் கேட்டாள். எனக்கு அதுவரை எல்லாம் ஒரே இரைச்சல்.

பிறகு தலையைச் சாய்த்து எதையோ யோசித்தாள்.

“ஏனுங்க அத்தை, ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கமா இருக்குதுங்களா?”

ஆமாம், அடுக்கி வைத்திருக்கிறேன் என்றேன்.

“அதானுங்க. எல்லாம் ஒரே எடத்துல இருந்து வருது. ஒண்ணை அந்தப் பக்கம் வெச்சுப் பாருங்க.”

நான் ஒயர்க் கட்டை அவிழ்த்து, ஒரு பெட்டியைத் தூக்கி டிவிக்கு வலப்பக்கம் வைத்தேன். இரண்டுக்கும் சரி நடுவில் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மகன் தன் ஆளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கவிட்டான். காலடிச் சத்தம் இடது பெட்டியிலிருந்து மெல்ல வலது பெட்டிக்கு நகர்ந்தது. அவள் முகமும் கூடவே நகர்ந்தது. அந்தப் பழைய பெட்டிகளில் அப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

“இப்ப வா” என்றாள். அப்படியும் தோற்றாள். “தறிச் சத்தத்துல காலடி கேக்க மாட்டேங்குது” என்று முணுமுணுத்தாள்.

சாப்பிட வந்த என் கணவர் இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போனாலொழியப் பட்டப்பகலில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, “ஆடு கண்ணு. கரண்டு இல்லைன்னு நெனச்சுக்கறேன்” என்றார்.

திடீரென்று வீடு அத்தனை அமைதியாகிவிட்டது. எங்களுக்கே அது புதிதாக இருந்தது.

அடுத்து நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பொத்தான்களைக் கண்டபடி அழுத்துவதை நிறுத்திவிட்டாள். காத்திருந்தாள். அவன் ஆள் நடந்து நெருங்கும்வரை விரல்கள் அசையவில்லை. நெருங்கியதும் ஒரு குத்து, உடனே தடுப்பு. இரும்புச் சத்தம் கேட்டது. அவன் குத்தினான், தடுத்தாள். உதைத்தான், தடுத்தாள். அடித்துக்கொண்டே முன்னேறினாள். அவளுடைய கண்கள் எங்கோ ஜன்னல் பக்கம் இருந்தன. முகம் மட்டும் கோயிலில் மணி அடிக்கும்போது நிற்பவர்களின் முகம்போல இருந்தது. அந்த ஆட்டம் மயிரிழையில் அவனுக்குப் போனது. “அய்யோ, போச்சே!” என்று தொடையில் அடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

இந்த நேரத்தில் நாத்தனார் வந்துவிட்டிருக்கிறாள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அன்று நாங்கள் மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த ஆட்டத்தின் கடைசிக் கட்டம். இரண்டு பேருக்கும் உயிர் கொஞ்சமே மிச்சம். இன்னும் ஒரு அடி யாருக்கு விழுந்தாலும் முடிந்தது. மகன் தந்திரமாக நடக்காமல் நின்றான். சத்தமே வரக் கூடாது என்று பார்த்தான். அவளும் அசையாமல் நின்றாள். திரையில் இரண்டு ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சட்டென்று மகன் அவள் தலைக்கு மேலாகக் குதித்தான். அவள் பின்னால் போய் இறங்கி அடிப்பதுதான் அவனுடைய எண்ணம். குதித்த சத்தம் இடது பெட்டியில் கேட்டது. அவள் முகம் வலப்பக்கம் திரும்பியது. அவன் இன்னும் இறங்கவில்லை. இறங்கப்போகும் இடத்துக்கு அவளுடைய உதை முதலிலேயே போய்க் காத்திருந்தது.

அவன் ஆள் விழுந்தான்.

என் மகன் கண்ட்ரோலரை மெத்தையில் விட்டெறிந்துவிட்டு எழுந்து கத்தினான். “அதெப்படி? நான் எறங்கவே இல்ல! அதுக்குள்ள எப்படித் தெரியும் உனக்கு? செல்லாது, செல்லாது! இன்னொரு ஆட்டம் வா!”

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நிஜமான கோபம்.

அவள் அவன் குரல் வந்த திசையில் நாக்கைத் துருத்திக் காட்டினாள். “யாரோ அழுவாங்கன்னு சொன்னாங்களே, அது யாருடா?”

அப்போதுதான் நாத்தனார் உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். “நங்கை, இவன் எம்புள்ளைமேல கோவிச்சுக்கறான் பாத்தீங்களா! ஒருத்தரும் இப்படிக் கோவிச்சு எத்தனை வருசமாச்சு” என்றாள். பிறகு மகளிடம், “போலாமா சாமி? பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கேட்டாள்.

“அம்மாவா? எப்ப வந்தீங்க? சித்த இருங்கம்மா. இவன்தான் இன்னும் நெறைய ஜெயிச்சு வெச்சிருக்கான். சமன் பண்ணிட்டு வாரேன்.”

அன்று சமன் ஆகவில்லை. நாத்தனார் மாலை பஸ்ஸில் தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.

அந்தப் பெண் இப்போது எங்களோடு இருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு பேருக்கும் தினமும் ஏதாவது ஒரு சண்டை. நான் நடுவில் போவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒரு விடுப்பு நாளில், விளையாட்டைத் தானாக ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அவள் உட்காரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் குதித்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவரை மதிப்பது என்றால் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்த எனக்கு, எதிரில் வந்து முழு பலத்தோடு நிற்பதும் மரியாதைதான் என்று அன்று அந்தப் பிள்ளை காட்டியதை நினைத்தால், இன்றும் உடம்பு சிலிர்த்துவிடுகிறது.