இவர் சொன்ன ஜப்பான் படங்கள்

அந்த வாரம் மொன்றியல் தியேட்டர்களுக்கு ஒரேயடியாக நாலு ஜப்பான் படங்கள் வந்திருந்தன. வழக்கமாக மாதத்துக்கு ஒன்று வந்தாலே பெரிய காரியம். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்தபடி போனில் பட்டியலை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று கார்ட்டூன், ஒன்று வாள்சண்டை, ஒன்று நூடில்ஸ் கடைக்காரனின் காதல், மற்றது பேய்ப்படம்.

"நீரே பாத்து ஒண்டை எடும். என்ர கண்ணாடியை எங்கயோ வச்சிட்டன்" என்றார் இவர். முன்பெல்லாம் பட்டியலைத் தானே வாசித்து, டிக்கெட்டும் எடுத்து வைத்துவிட்டுத்தான் என் கணவர் எனக்கே சொல்வார். வயது போகப் போக மனுசனுக்குப் பஞ்சியும் சோம்பலும் பிடித்துவிட்டது என்று நினைத்து, இரண்டு ஏச்சு ஏசிவிட்டு நானே எடுத்தேன்.

ஏன் ஜப்பான் படம் என்று எங்களைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. தமிழ்ப் படத்துக்குப் போனால் வாசலிலேயே நாலு பேர் மறித்து, மகன் ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று விசாரிப்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஜப்பான் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சனமும் எங்களைப் போல வாசலில் செருப்பைக் கழற்றும், சோறு தின்னும், மனதில் கிடப்பதை லேசில் வெளியே விடாது. கீழே பிரெஞ்சில் வசனம் ஓடும். எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற எனக்கு இத்தனை வருடமும் இங்கிலிஷிலேயே போய்விட்டது. இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், இரண்டு பாஷையும் சரளமாக வாசிப்பார். அதனால் இவர் வாசித்து வாசித்து என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் முறைப்பார்கள். நாங்கள் கண்டுகொள்வதில்லை.

பேய்ப்படத்துக்குச் சனிக்கிழமை மத்தியானம் போனோம். டிக்கெட் எடுக்கும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை நான் கவனிக்கவில்லை. படம் தொடங்கி முதல் வசனம் விழுந்தபோதுதான் தெரிந்தது, நான் எடுத்தது இங்கிலிஷ் வசனம் போட்ட காட்சி. எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. இன்றைக்கு உங்களுக்கு லீவு என்று சொல்ல இவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் இவர் என் காதுக்குள் தொடங்கிவிட்டார்.

திரையில் ஒரு தாய் படிக்கட்டின் கீழே நின்று மகளைக் கேட்கிறாள்: மேலே போகச் சொல்லி உனக்கு யார் சொன்னது? இவர் சொன்னார், "தாய் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுறா."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்ற கிழவர் ஒருவர் அந்தத் தாயிடம், இந்த வீட்டில் ஒன்பது வருடமாக ஒருத்தரும் இல்லை என்றார். இவர், "வீடு நல்ல வீடாம், வாடகையும் குறைவாம்" என்றார். குரலில் பகிடி ஒரு துளியும் இல்லை. எப்போதும் போல, வாசித்துச் சொல்கிற குரல்.

கீழே ஓடுவது இங்கிலிஷ் என்பதே இவருக்குத் தெரியவில்லை.

ஒருவேளை எனக்குத்தான் பிசகோ என்று பார்த்தேன். திரையில் அந்தப் பெண் பிள்ளை இருட்டு அறையில் வாயைத் திறக்காமல் நின்றாள். கீழே ஒரு எழுத்தும் இல்லை. "இப்ப என்ன சொல்லுறா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தனக்குப் பயமில்லையாம்" என்றார் இவர், உடனே.

அதற்குப் பிறகு அந்தப் பேய் வந்ததோ போனதோ எனக்குத் தெரியாது. மற்றவர்கள் திடுக்கிட்டபோதெல்லாம் நான் திங்கட்கிழமை காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். இவருடைய மஞ்சள் பஸ்ஸில் பதினாலு பிள்ளைகள். கடைசிச் சின்னனுக்கு ஐந்து வயது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு நேரே கேட்டேன். முதலில் மழுப்பினார். படம் இங்கிலிஷில் ஓடியது என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுத்துத்தான் கொஞ்சம் கரையுது. நடுவில ஒரு ஊத்தை மாதிரி நிக்குது. மற்றதெல்லாம் தெரியும்."

"எப்ப துடக்கம்?"

"ரெண்டு மூண்டு மாசம் இருக்கும்."

"டொக்டரிட்டப் போனீங்களோ?"

"போனா உடன லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள். பேந்து வீட்டில இருந்து என்ன செய்யிறது? நான் பஸ் ஓடுறன், புத்தகம் வாசிக்கேல்லை. என்ர பாதை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்."

கண்ணை மூடினாலும் என்று என்னிடமே சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை எடுத்து எறிந்திருப்பேன். அழுகையும் கூடவே வந்ததால் எறியவில்லை.

அடுத்த நாள் காலை, "வாரும், காட்டுறன்" என்று எங்கள் பழைய காரின் திறப்புக் கொத்தை எடுத்தார். போயிருக்கக் கூடாது. ஆனால் இவர் சொல்வது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

பஸ் போகிற பாதையிலேயே ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தக் குறியிலும் சரியாக நின்றார். "இதில இரட்டைப் பெட்டையள் ஏறுவினம். அதில ஒருத்தன், ஒவ்வொரு நாளும் ஒரு கையுறையை விட்டிட்டு வருவான். இந்த மூலையில கொஞ்சம் மெல்லமாப் போகோணும், ஒரு நாய் ஓடிவரும்." ஒரு பிழையும் இல்லை. நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

கடைசித் திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து ரோட்டைக் கிண்டியிருந்தார்கள். செம்மஞ்சள் கூம்புகள் வரிசையாக நின்றன. ஒரு வேலையாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். இவர் வேகத்தைக் குறைப்பார் என்று பார்த்தேன். இவர் இரட்டைப் பெட்டைகளின் கதையைத்தான் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கார் இழுபட்டு, ஒரு கூம்பைச் சக்கரத்துக்குள் நசித்துக்கொண்டு நின்றது. வேலையாள் பாய்ந்து விலகிப் பிரெஞ்சில் ஏசினான். அவனுக்கும் காருக்கும் இடையில் என் கை நீளம்தான் இருந்தது.

இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "வெள்ளிக்கிழமை இதில ஒண்டும் இருக்கேல்லை" என்றார்.

காரை ஓரமாக விடச் சொல்லிவிட்டு இவருடைய போனை எடுத்தேன்.

"ஆருக்கு எடுக்கிறீர்?"

"உங்கட சுப்பர்வைசருக்கு."

"இஞ்சேரும், கொஞ்சம் யோசிச்சுச் செய்யும். வேற வேலை ஆர் எனக்குத் தருவாங்கள்?"

"ஓம், வேலை போகும்தான். போகட்டும்."

சுப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் போனை எடுத்தார். என் கணவருக்குக் கண் தெரியவில்லை, நாளைக்கு அவரிடம் பஸ்ஸைக் கொடுக்க வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். எவ்வளவு காலமாக என்று அவர் கேட்டார். இரண்டு மூன்று மாதம் என்றேன்.

இவர் என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கினார். கண்ணாடிக்கு வெளியே அந்த வேலையாளைப் பார்த்தபடி பிரெஞ்சில் பேசினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஒரு வசனத்தைத் தவிர. இரண்டு வருடம் என்று சொன்னார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும்.

பனி கொட்டுகிற இரண்டு மாரிகாலம். ஒவ்வொரு காலையும் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கவனமாப் போட்டு வாங்கோ என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.