சமயபுரத்தில் பேசிய திரை

மென்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘ஸ்லோவா இருக்குங்க’ என்று ஒரு போன் வந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நானும் ஜெரால்டும் திருச்சியில் லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் மென்பொருள் செய்கிறோம். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றுதான். ஏன் ஸ்லோ என்று கண்டுபிடிக்க, மென்பொருள் தான் செய்வதையெல்லாம் தானே எழுதி வைக்கும் லாக் போதும் என்பான் அவன். எந்த இடத்தில் நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலர்தான் வேண்டும் என்பேன் நான்.

லாகில் ஒரு பேச்சு

காட்டூர் ஜெரால்டுக்கு இளகின மனசு. லாகில் மற்றவர்கள் எண்ணும் குறியுமாக எழுதுவார்கள். இவன் ‘ரூம் பாத்துட்டு இருக்கேன், கொஞ்சம் பொறுங்க’ என்று எழுதுவான். போதாததற்கு அதைத் திரையின் அடியிலும் ஓடவிட்டிருந்தான். யாரிடம் பேசுகிறாய் என்று கிண்டல் செய்தேன்.

“காத்துட்டு இருக்கறவங்ககிட்ட யாராவது பேசணும்ல.”

கை வேகம்

சமயபுரத்தில் எங்கள் மென்பொருள் ஓடும் ஒரு லாட்ஜ். வரவேற்பில் வசந்தா அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரிசை வாசலைத் தாண்டியது. முதலாளி லாகை எடுத்துப் பார்த்தார். வரிக்கு வரி நடுவில் நேரம் போயிருந்தது. அக்காவுக்குக் கை வேகம் போதாது, அடுத்த வாரம் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அக்கா எனக்கு போன் செய்தார். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை.

“நான் டக்குனுதான் அடிக்கிறேன் மேடம். அதை யாருகிட்ட காட்டுறதுன்னுதான் தெரியல.”

புரொஃபைலர் சொன்ன சாட்சி

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிப் போய், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புரொஃபைலரை ஓடவிட்டேன். அக்கா பட்டனைத் தட்டிய பிறகுதான் நேரமெல்லாம் போனது. ஜெரால்டின் ஒவ்வொரு வரியையும் எழுதி முடிக்கும்வரை புக்கிங் கைகட்டிக் காத்திருந்தது. தப்பு எங்களுடையது என்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த வெட்கம் போய்விட்டது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அடுத்த வாரமும் நீயே உக்காரும்மா.”

வெறிச்சென்ற திரை

ஜெரால்டு மறுபேச்சில்லாமல் தன் வரிகளை அழித்தான். அதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. புக்கிங் பறந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு அக்காவிடமிருந்து மறுபடி போன். ஒரு குடும்பத்துக்கு மூன்று ரூம் விழுந்துவிட்டது. ரூம் வரும்வரை சில நொடி திரை வெறுமையாக இருக்கவே, புக்கிங் போகவில்லையோ என்று பயந்து திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். முதலாளி காதுக்குப் போனால் மறுபடி அதே பேச்சுதான் என்று புலம்பினார். எந்த வேகமும் வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்றார்.

“கோயிலுக்கு நடந்து வந்து கால் வீங்கி நிப்பாங்க மேடம். அந்த வரியத்தான் சத்தமா படிச்சுச் சொல்லுவேன், உக்காந்துக்குவாங்க. இப்ப சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல.”

லாகில் எழுதாமல் திரையில் மட்டும் ஒரு வரியை ஜெரால்டு திரும்பப் போட்டான். புரொஃபைலர்தான் ஜெயித்தது என்று நான் இன்னமும் சொல்லிக்கொள்கிறேன், சமயபுரத்தில் வசந்தா அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது என்னவோ அவன் வரியைத்தான்.