பூட்டிய பட்டறைக்குள் ரூபியின் குரு

பேய்க் கதையை யாராவது எடுத்தாலே எழுந்துபோய்க் காப்பி போடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், பாதிக் கதை எனக்கே சிரிப்புதான். ஆனால் பட்டப்பகலில், ரங்கூனின் பசுந்தாங் தெருவே காது கொடுத்துக் கேட்டதை நான் எப்படி இல்லை என்று சொல்ல?

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கிலீஷ் தெரியும் என்பதால் ஓர் ஆவணப்படக் குழுவுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். இயக்குநர் கிளைவ் திரினிடாட் தீவுக்காரர், ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சம். அடிமை முறை ஒழிந்ததும் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினார்களாம். அதே மதராஸ் கூலிகளைத்தானே பர்மாவிலும் கொண்டுவந்து இறக்கினார்கள், இரண்டையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே வந்த ரூபி வாத்தியக்காரி. அடிமைகள் மேளம் கொட்டக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடைபோட, அவர்கள் வம்சம் கிடைத்த தகரத்தையெல்லாம் தட்டித் தட்டி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்தே சுரம் எடுத்துவிட்டது. அந்தப் பீப்பாய் வாத்தியம்தான் அவருடையது.

அது வழியில் எங்கேயோ தொலைந்துபோயிற்று. மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும், ரூபி வாசிப்பதை அன்று சாயங்காலத்துக்குள் படம்பிடித்தாக வேண்டும். கிளைவ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் பசுந்தாங்கில் தகரப் பட்டறை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பீப்பாதானே, எங்கிட்ட கெடக்கு. கூட்டிட்டு வா," என்றார் அத்தான்.

காலையிலிருந்து இருவரும் அடித்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ரூபிக்குத் தமிழ் தெரியாது, சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை. பீப்பாயின் அடியைக் கிண்ணம்போலக் குழித்து, நெருப்பில் காட்டி எடுத்தாயிற்று. சுரம்தான் வரவில்லை. தட்டினால் வாளிச் சத்தம். ரூபி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். தன் குருவுக்குத்தான் அந்தக் கை உண்டு, அவர் இறந்துபோய்விட்டார் என்றார்.

சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாமென்று அத்தான் பட்டறையைப் பூட்டிச் சாவியை லுங்கியில் செருகிக்கொண்டார். எல்லோரும் எதிரே பர்மாக்காரி மா கின்னின் கடைக்கு மொஹிங்கா, அதுதான் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிடப் போனார்கள். கேமராப் பெட்டிகளுக்குக் காவலாக நான் மட்டும் பட்டறை வாசலில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

நம்பினால் நம்புங்கள், உள்ளே டிங் என்றது. கொஞ்சம் நின்று, மறுபடி டிங். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாயா என்று மா கின் பர்மியில் அத்தானைக் கேட்டாள். கையில் கிண்ணத்தோடு எல்லோரும் ஓடிவந்தார்கள். அத்தான் பூட்டைத் திறந்தார். உள்ளே ஓர் ஆளும் இல்லை. அந்தப் பட்டறைக்குப் பின்வாசலும் கிடையாது.

ரூபி தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுரமும் மணியாகப் பேசியது. அப்படியே தரையில் உட்கார்ந்தவர், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய குரு சுரம் சேர்க்கும்போது ஏதோ முணுமுணுப்பாராம், ஆப்பிரிக்க மந்திரம் என்று ரூபி நினைத்திருந்தாராம். சொல்லிக் காட்டினார். "ஒன்னோ, ரெண்டோ, மூனோ."

அத்தான் என்னைப் பார்த்தார். "பிலோமி, இவங்க ஒண்ணு ரெண்டு மூணுல்ல சொல்றாங்க."

குருவின் தாய் மதராஸ் கப்பலில் வந்தவளாம், கிளைவ் சொன்னார். அன்று சாயங்காலம் அலோன் துறைமுகத்தில் ரூபி வாசிக்க, மூட்டை தூக்குகிறவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கிளைவ் கேமராவை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

தட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் அது நிற்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல், நம் தமிழிலேயே சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"சரியாப் போச்சு. வெளிய புள்ள பசியோட உக்காந்திருக்கு, சாப்பிடச் சொல்லு."

பசியோடு இருந்தது நான்தான், அது சரி. ஆனால் யாரிடம் சொன்னார்? உள்ளே இன்னொரு ஆள் யார்?