பதினோரு அட்சதை

'ம்ம்ம்…' என்று அது முனகத் தொடங்கினால் வண்டிக்குள் எங்கள் பேச்சு நின்றுவிடும். வலது பின்சக்கரத்தில் கிளம்பி, சீட்டுக்கு அடியிலுள்ள மரப்பலகை வழியாக முதுகுத்தண்டில் ஏறுகிற அந்தச் சத்தம், வேகம் கூடக் கூட உச்சத்துக்குப் போய், வேகம் குறைந்ததும் பல்வலிக்காரன் தூங்கப் பார்ப்பதுபோல அடங்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மைசூர் சாமராஜபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு முனகல் முன்னே, துணிக்கூரை போட்ட எங்கள் பழைய கார் பின்னே. "முதலியார் வீட்டுக் 'காரு' அழுதுகிட்டே வருது பாரு" என்று அவர்கள் சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது.

அப்பா மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவர். யாரோ ஓர் அதிகாரி ஊர் மாறிப் போகும்போது விட்டுச்சென்ற காரை வாங்கி, அதை மேசைமேல் விரித்த வரைபடத்தைப் போலவே மரியாதையாகப் பார்த்துக்கொண்டார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அரசு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நாங்கள் வீட்டில் பேசியது தமிழ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். மதராஸ் உறவுக்காரர்கள் மட்டும் அதைக் கன்னடம் என்று கேலி செய்வார்கள்.

அந்தத் தசராவின்போது அந்த முனகலைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அக்கா ருக்மிணியைச் சாமராஜநகரில் கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்துக்கு அவளை அழைத்துவர நாள் பார்த்துப் பார்த்து நாங்கள் பிந்திவிட, வலி முந்திக்கொண்டது. புகுந்த வீட்டிலேயே பெற்றாள். குழந்தை மூன்று நாள்தான் இருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மா மட்டும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு மறுபடி ஏழாம் மாதம். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை இடம் மாற்றமாட்டார்கள். ஒன்பதுவரை காத்திருக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் பெண்ணைக் கிளப்ப வேண்டும், தவறினால் எட்டாம் மாதம் பிறந்துவிடும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதத்தின் கீழே அக்கா தன் கையெழுத்தில், "எப்படியாவது வந்துடுங்கப்பா" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

ரயிலில் அழைத்துவரலாம்தான். ஆனால் தசராக் கூட்டத்தில் ஜன்னல் வழியாக ஆள் ஏறுகிற ரயிலில் அவளை எப்படி ஏற்றுவது? யுத்த காலம், கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலில் ஒரு தடவை போய்வரும் அளவுக்கு அப்பா சேர்த்து வைத்திருந்தார். தேவராஜ மொஹல்லாவில் மோட்டார் பழுதுபார்க்கும் சாயபுவிடம் வண்டியைக் காட்டினோம். அவர் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காது கொடுத்துவிட்டு, "பேரிங் போயிடுச்சு, ஸ்வாமி. இப்படியே போனா சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போய்ச் சேருவீங்க" என்றார்.

தசராவுக்கு வந்த வண்டிகளெல்லாம் அவர் கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்றன. தன்னால் வீட்டுக்கு வந்து மாட்டித்தர முடியாது என்று கையை விரித்தவர், பாவம் பார்த்து, உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து எடுத்த, வளையத்துக்குள் இரும்புக் குண்டுகள் உருளும் பேரிங் ஒன்றைக் கழுவி, புதுக் கிரீஸ் அப்பிக் கொடுத்தார். பழையதை இழுத்தெடுக்க மூன்று கால் உள்ள 'புல்லர்' ஒன்றையும் இரவல் தந்தார். "ஒரு குண்டுகூட தேயல. என் வார்த்தைய நம்புங்க" என்றார்.

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவரல்ல அப்பா. அஷ்டமியன்று முதலில் சக்கரத்தைப் படமாக வரைந்தார், பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். அம்மா முற்றத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்துக் கொடுக்க, கழற்றியதைக் கழற்றிய வரிசையில் அடுக்கிப் பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பழைய பேரிங் லேசில் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் 'டங்'கென்று அது கழன்று வர, அப்பா மல்லாக்க விழுந்தார்.

மறுநாள் நவமி, ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யும் வழக்கம் கிடையாது. சுத்தியல், ஸ்பானர், சாயபுவின் புல்லர், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டன. கார் மூன்று சக்கரத்திலும் ஒரு கருங்கல்லிலும் நின்றபடியே பூஜை வாங்கிக்கொண்டது. நான்காவது எலுமிச்சம்பழத்தைச் சக்கரம் இல்லாத இடத்தில் போட்ட கோலத்தில் வைத்தோம். புது பேரிங்குக்கு மட்டும் தனியாக ஒரு வாழையிலை. ஆயுதங்களுக்கு அட்சதை போடுவது என் வேலை. "ஒண்ணொண்ணுக்கும் ஒரு சிட்டிகை போட்டா சாகு, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தசமி காலை விடிந்ததும் மறுபூஜை முடித்துப் பொருள்களை எடுத்தோம். பேரிங்கை எண்ணெயில் சுடவைத்தால் அது சற்று விரியும், அப்படியே அச்சில் மாட்டிவிடலாம் என்று சாயபு சொல்லியிருந்தார். "வடை சுடற சூடு பேடா, அவ்வளவு வேணாம் ஸ்வாமி, தண்ணி தெளிச்சா சடசடன்னா போதும்" என்பது அவர் சொன்ன பக்குவம். அதற்கென்று அம்மா தன் வாணலியைத் தியாகம் செய்தாள். எண்ணெய் கொஞ்சம் சிவந்தபோது, "துரு போல" என்றாள். பிறகு வடைக் கம்பியை நடு ஓட்டையில் விட்டு, உளுந்து வடையை எடுப்பதுபோல அலுங்காமல் பேரிங்கைத் தூக்கி, "பேகா பேகா, சீக்கிரம் வாங்க!" என்று கூவினாள். சாக்குத் துணியோடு ஓடிவந்த அப்பா அதைப் பிடித்து அச்சில் வைத்துத் தள்ள, சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி அது போய் உட்கார்ந்தது.

சூடு ஆறியபின் அப்பா விரலால் அதைச் சுற்றினார். 'கறக், கறக்' என்றது.

அப்பா மறுபடி சுற்றினார். மறுபடி கறக். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வார்த்தைய நம்புங்கன்னு சொன்னானே! நம்மள ஏமாத்திட்டான். நேராப் போய் அவன் மூஞ்சியிலயே இத வீசிட்டு வரேன்" என்று எழுந்தார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போட்ட கணக்குக்கு அன்றைக்கே ஒன்பது மணிக்குள் நாங்கள் நஞ்சன்கூட்டைத் தாண்டியிருக்க வேண்டும்; இரவு சம்பந்தி வீட்டில் தங்கினால்தான் மறுநாள் காலை பெண்ணைக் கிளப்ப முடியும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அது முனகல் இல்லை, சோற்றில் கல் கடிபடுகிற சத்தம் என்று எனக்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. அது கல்கூட இல்லை என்பதும் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் வேட்டியைப் பிடித்து, "சாயபு மேல தப்பில்லப்பா. நான்தான் அட்சத போட்டேன்" என்றேன்.

"எங்க போட்ட?"

"உள்ள. குண்டுக்கும் குண்டுக்கும் நடுவுல. அக்காவுக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு, ஒரு சந்துக்கு ஒண்ணா விரலால அழுத்தி வெச்சேன்."

கிரீஸில் ஒட்டிக்கொண்டு அது வெளியே தெரியாமலே போயிருக்கிறது. எண்ணெயைச் சிவக்கவைத்ததும் துரு அல்ல, அட்சதை அரிசியில் பிசைந்த குங்குமம். எனக்கு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை?" என்று கேட்டார் அப்பா. வரைபடக்காரரின் குரல் அது.

"பதினொண்ணு."

அவர் செருப்பைக் கழற்றினார். மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி, அம்மாவின் கொண்டை ஊசியால் ஒவ்வொரு சந்தாகத் துழாவினார். வந்த அரிசியை வெள்ளை வேட்டியில் வரிசையாக வைத்தார். உடைந்த பாதிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து ஒன்றென்று எண்ணினார். பத்து வந்தது. பதினொன்றாவது வரவில்லை. சுற்றினால் சத்தமில்லை, ஆனாலும் அப்பா சக்கரத்தை மாட்ட மறுத்தார். எந்தச் சந்தில் கிடக்கிறதோ, பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு பாதி வழியில் கடிபட்டால் என்ன செய்வது என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் எண்ணியது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்து, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சும்னெ இரு, அழாதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள் அம்மா. வாணலி எண்ணெயைத் துணியில் வடிகட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவளின் உள்ளங்கையில் ஒற்றை அரிசி, முறுகிப் பழுப்பாக இருந்தது. எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் பாலை வார்த்த அரிசி அது. அம்மா அழுதாள், அப்பா உரக்கச் சிரித்தார், நான் இரண்டையும் செய்தேன். பதினொன்றையும் அவள் தலைப்பில் முடிந்துகொள்ள, அப்பா மறுபடி கிரீஸ் அப்பிச் சக்கரத்தை மாட்டினார்.

ஊரெல்லாம் ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்க அரண்மனைப் பக்கம் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் நஞ்சன்கூட்டுச் சாலையில் போனோம். கபினிப் பாலம் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சாலையில் டயர் உரசுகிற ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. மறுநாள் காலை எட்டரைக்கே அக்கா வண்டியில் ஏறிவிட்டாள். "முனகலையே காணோமே!" என்று ஒரு தடவை கேட்டவள், பிறகு அம்மா மடியில் தலைவைத்து மைசூர் வரைக்கும் தூங்கினாள். அதற்கு இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்களை எல்லாம் எழுப்பிவிட்டு, மோகன் பிறந்தான்.

அந்தக் கார் இப்போது இல்லை. பழைய இரும்போடு இரும்பாகப் போயிருக்கும். அப்பா, அம்மா, அந்தச் சாயபு, எல்லோரும் போய்விட்டார்கள். முனகிக்கொண்டு போகிற காரையும் இந்நாளில் நான் கேட்பதில்லை. மோகனுக்குத் தலை நரைத்துவிட்டது. போன ஆயுத பூஜைக்குத் தன் காருக்குப் பூஜை போட என்னைக் கூப்பிட்டான். நான் சக்கரத்தின் பக்கம் தயங்கி நிற்பதைப் பார்த்துச் சிரித்து, "சித்தி, இப்பல்லாம் பேரிங்க மூடி சீல் வெச்சுத்தான் குடுக்கறாங்க. நீங்க மூட்டையா கொட்டினாலும் உள்ள போகாது, தாராளமா போடுங்க" என்றான்.

போட்டேன். ஆனால் எண்ணித்தான் போட்டேன்.